நகரத்து நீரும் கணிப்பொறிக் கணக்கும்

(திருமங்கலத்தில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் குடிநீர்க் குழாய்க்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். மதுரையை ஆண்ட பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீரைத் தேக்கிவைக்குமாறு அறிவுறுத்தியவர் குடபுலவியனார் என்னும் புலவரே. புறநானூற்றின் 18ஆம் பாடல் அச்செய்தியைக் கூறும். அவர் தேக்குவதைப் பற்றிச் சொன்னார்; நான் அளப்பதைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

நம் முன்னோர் அளவறியாதவர் அல்லர். கண்மாய்க்கு மடை, மிகுநீர் வெளியேறக் கலிங்கு, வயலுக்கு முறை, அம்முறையைக் காக்க நீர்பாய்ச்சி என வகுத்து வாழ்ந்தனர். எந்த வயலுக்கு எப்போது நீர் என்பது ஊரறிந்த செய்தி. அந்த முறையின் வலிமை, அது எல்லார் கண்முன்னும் நடந்தது என்பதே.

நகரக் குழாயோ மண்ணுக்குள் மறைந்து கிடக்கிறது. புறப்பட்ட நீர் எவ்வளவு, வீடு சேர்ந்த நீர் எவ்வளவு, வழியில் கசிந்தது எவ்வளவு என்பதைக் கண் காணாது. இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது. மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் காட்டும் உணர்கருவி, குழாயில் ஓட்டத்தை அளக்கும் மானி, அழுத்தத்தை அறியும் கருவி ஆகியவை அனுப்பும் செய்திகளை ஓர் அறையில் இருந்தபடியே காணலாம். அடைப்பான்களைத் திறக்கவும் மூடவும் செய்யலாம். நள்ளிரவில் ஊர் உறங்கும்போதும் குழாயில் மிகுந்த ஓட்டம் இருந்தால், எங்கோ கசிவு உண்டு என்று பொருள். எளிய கணக்குதான், ஆனால் நாள்தோறும் பார்க்க வேண்டிய கணக்கு.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். இரவுக் கணக்கு, இடைவிடாது நீர் ஓடும் ஊர்களுக்கே பொருந்தும். முறைவைத்து நீர்விடும் நம் ஊர்களில், குழாய் பெரும்பொழுது வெறுமையாய்க் கிடக்கிறது. அவ்வேளையில் சாக்கடை நீர் உள்ளே கசிந்து புகவும் வழியுண்டு. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் நுழைவாயிலில் ஒரு மானி, வீடுதோறும் ஒரு மானி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே இழப்பு. வீட்டு மானி இல்லாத ஊரில் விலையுயர்ந்த கணிப்பொறியும் பாதிக் கணக்கையே சொல்லும்.

கம்போடியாவின் தலைநகர் புனோம் பென் 1993இல் தான் வழங்கிய நீரில் 72 விழுக்காட்டை இழந்துகொண்டிருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்த இழப்பு பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பழங்குழாய்களை மாற்றினர், வீடுதோறும் மானி பொருத்தினர், கட்டணக் கணக்கைக் கணிப்பொறிக்கு மாற்றினர், செல்வாக்கு மிக்கவர்களிடமும் கட்டணம் வாங்கினர். இறுதியில் சொன்னதே கடினமானது. அதைச் செய்ய எந்தக் கருவியும் முன்வராது. மனிதரே முன்வர வேண்டும்.

இதில் திருமங்கலத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். மதுரை மாநகரம் வைகை அணை நீரைப் பருகுகிறது. அதே அணையை நம்பித் திருமங்கலம் பிரதானக் கால்வாயின் 19,439 ஏக்கர் ஒருபோக நிலம் காத்திருக்கிறது. அணையில் போதிய நீர் நின்றால்தான் நமக்கு மதகு திறக்கும். குடிநீருக்கே முதலிடம், அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் குடிப்பதற்கென்று எடுத்து, குடிக்கப்படாமலே தெருவடியில் தொலைந்த நீருக்கு யார் பொறுப்பு? லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாற்று நீரைக் குழாய் வழியே மதுரைக்குக் கொணரும் திட்டம் வகுக்கப்பட்டபோது கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் கலங்கி எதிர்த்ததும் இத்தகைய அச்சத்தினாலேயே. நகரம் புதிய ஊற்றைத் தேடுமுன் தன் பழைய குழாயின் கணக்கைக் காட்டுதல் முறையன்றோ?

எனவே என் வேண்டுகோள் ஒன்றே. கருவிகள் சொல்லும் எண்கள் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கலாகாது. இன்று எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு வழங்கினோம், எவ்வளவு இழந்தோம் என்பதை வட்டந்தோறும் நல்ல தமிழில் எழுதிவைக்க வேண்டும். தெருக்குழாயை நம்பி வாழும் ஏழைகளின் பங்கைக் குறைக்க அந்த எண்கள் பயன்படலாகாது. தெருத்தெருவாய் அடைப்பான் திறக்கும் தொழிலாளியின் பட்டறிவும் அக்கணக்கில் இடம்பெற வேண்டும்.

மடையடியில் நின்று ஊரே பார்த்த நீதியை, மண்ணுக்குள் ஓடும் நீருக்கும் பெற்றுத்தருவதே அறிவியலின் பணி. அதைக் கேட்டுப்பெறுவது நம் பணி.