காலையில் குலுங்கும் கார்



ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பழைய அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் கார்புரேட்டர் காலத்து மாருதி 800-ஐயும் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மார்கழி பிறந்துவிட்டால் அவர்களுடைய புகார் ஒன்றுதான். காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி குலுங்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. கொஞ்ச தூரம் ஓடிச் சூடாகிவிட்டால் ஒரு குறையும் இல்லை.

டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி, மெக்கானிக்கிடம் போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடாகி ஒழுங்காகிவிடும். அவரும் பாவம், கார்புரேட்டரில் இருக்கிற மிக்சர் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பி அனுப்பிவைப்பார். மறுநாள் காலை பழைய கதைதான். ஆகவே வண்டியை முந்தின நாள் சாயங்காலமே ஷெட்டில் விட்டுவிடுங்கள். விடிந்ததும் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே அடித்துப் பார்க்கட்டும். அந்த ஸ்க்ரூவைத் தொடுவது கடைசி வேலையாக இருக்கட்டும். குலுக்கல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

குளிர்ந்த எஞ்சினுக்கு ஏன் இத்தனை சிரமம்? பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். சூடான எஞ்சினில் ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்பது சரியான கணக்கு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கார்புரேட்டர் தெளிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி மேனிஃபோல்டின் உட்சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. சிலிண்டருக்குள் ஆவியாகப் போய்ச் சேர்வது குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கத்தான் சோக். மாருதி 800-இல் சோக்கை இழுத்தால் காற்று வரும் வாயை ஒரு தகடு மூடும். எஸ்.யு. கார்புரேட்டர் பொருத்திய அம்பாசடரில் அந்தத் தகடே கிடையாது. அங்கே ஜெட் கீழே இறங்கும், ஊசியைச் சுற்றி இடைவெளி கூடும், பெட்ரோல் அதிகம் வரும்.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சோக்கை இழுக்கட்டும், இன்னொருவர் பானெட்டுக்குள் பார்க்கட்டும். குமிழ் முழுக்க வெளியே வந்திருக்கும், தகடோ பாதிகூட மூடியிருக்காது. கேபிளின் உள்கம்பியைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்து கம்பி வழுக்கியிருக்கும். பல வண்டிகளின் வியாதி இந்த ஒரு ஸ்க்ரூதான். தகடு மூடும்போதே திராட்டிலும் ஒரு நூலளவு திறக்க வேண்டும், அதையும் பாருங்கள். அது திறக்காவிட்டால் சோக் வேலை செய்தும் ஸ்லோ ஸ்பீடில் எஞ்சின் நிலைத்து ஓடாது.

சோக் சரியாக இருந்தால், அதையே ஒரு சோதனைக் கருவியாக்கிக்கொள்ளலாம். வண்டி பாதி சூடாகிக் குலுங்கிக்கொண்டிருக்கும்போது சோக்கைச் சற்றே இழுத்துப் பாருங்கள். குலுக்கல் அடங்கினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ வேண்டாத காற்றை இழுக்கிறது. குலுக்கல் அதிகமானால் பெட்ரோல் ஏற்கெனவே மிஞ்சிப்போயிருக்கிறது. மிதவையின் மட்டம் ஏறியிருக்கலாம், நீடில் வால்வு ஒழுகலாம்.

காற்று இழுப்பதைக் கண்டுபிடிக்கச் சிலர் மேனிஃபோல்டில் பெட்ரோலைச் சொட்டவிட்டுப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, கார்புரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்டு இணைப்பு, வாக்குவம் குழாய் முனைகள் என்று ஒவ்வோர் இடமாகத் துளித்துளியாக விடுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும், அந்த நொடியே எஞ்சின் சத்தம் மாறும்.

மூடுபனி நாட்களில் மட்டும் தகராறு என்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டு மின்சாரப் பக்கம் வாருங்கள். நல்ல இருட்டில், விளக்கு எதுவும் இல்லாமல், பானெட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் ஒயர்களிலும் நீல நிறத்தில் மெல்லிய பொறிகள் ஊர்வது தெரியும். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கின மாதிரி ஒரு கருங்கோடு இருந்தால், பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாகத் திருட்டுத்தனமாக வெளியேறுகிறது என்று அர்த்தம். துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டியதுதான். கையோடு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, வெளிர் பழுப்பாக இருந்தால் சௌகரியம்.

ஸ்டார்ட் ஆன முதல் ஒரு நிமிடம் மட்டும் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல், பிறகு தானாகச் சரியாகிறதா? ரேடியேட்டர் தண்ணீரைக் கவனியுங்கள். ராத்திரியெல்லாம் ஹெட் கேஸ்கெட் வழியே தண்ணீர் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். குளிரில் எல்லா வண்டியின் சைலன்சரிலும் வெள்ளை ஆவி வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தண்ணீர் மட்டமும் நாளுக்கு நாள் குறைந்தால்தான் கவலை.

இன்னொரு வகை வேடிக்கையானது. வண்டி நன்றாகக் கிளம்பும். இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் மூச்சு முட்டி நிற்கும். ஐந்து நிமிடம் சும்மா நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி படிந்துவிடுகிறது. நின்றதும் எஞ்சின் சூட்டில் அது உருகிவிடும். திறந்து பார்த்தால் தடயமே இருக்காது.

சமவெளியில் ஒரு பழக்கம் இருக்கிறது. எஞ்சின் ஓவர் ஹீட் ஆகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எனக்கு அது உடன்பாடில்லை, மலையில் சுத்தமாக ஆகாது. எஞ்சின் சூடேறவே நேரம் எடுக்கும். ஓட்டுநர் சோக்கை இழுத்தபடியே ஓட்டுவார். மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாசனை அடிக்கும்.

இப்போது பெட்ரோலோடு 20 சதவீதம் வரை எத்தனாலும் வருகிறது. ஆவியாக அதற்குப் பெட்ரோலைவிட அதிக வெப்பம் வேண்டும். தன்னிடமே ஆக்ஸிஜன் வைத்திருப்பதால், பழைய ஜெட்டில் கலவை இன்னும் மெலிந்துபோகும். வருஷக்கணக்காக ஒழுங்காகக் கிளம்பிய வண்டி அண்மையில் காலை நேரத்தில் முரண்டு பிடிக்கிறது என்றால் இதையும் கணக்கில் சேருங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இவை எதை முயன்றாலும் ஷெட் கதவைத் திறந்துவையுங்கள். குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு சத்தமில்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

எல்லாம் பார்த்த பிறகும் கலவையைத் திருத்தித்தான் ஆக வேண்டும் என்றால், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு செய்யுங்கள். எஸ்.யு. கார்புரேட்டரில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்கலாம். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம், எஞ்சின் அணையப் போனால் குறைவு, ஒரு கணம் லேசாகக் கூடி அடங்கினால் சரி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் கோவையில் சரியாக இருந்த வண்டி ஊட்டியில் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். ஊட்டி மெக்கானிக் ஜெட் நட்டைத் திருப்பிக் குறைத்துக் கொடுத்தால், எத்தனை திருப்பு என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கியதும் அதே அளவு திரும்ப வைத்தாக வேண்டும்.