வட்டில்லாப் பழங்கணினியும் தமிழ் எழுத்தும்

(லூமுட்டில் நிகழ்த்தப்பெற்ற பொதுப்பொழிவின் எழுத்து வடிவம்)



மொழியியல் பேச வந்தவர் கணினி பழுதுபார்ப்போரின் தொழிலைப் பேசுகிறாரே என்று சிலர் வியக்கலாம். நம் பள்ளிகளின் அலமாரிகளிலும் வீட்டு மூலைகளிலும் பழங்கணினிகள் பல கிடக்கின்றன. அவற்றுடன் வந்த நிறுவல் வட்டு தொலைந்திருக்கும். அல்லது தொடக்கத்திலேயே வந்திராது. வட்டைப் படிக்கும் கருவியும் செயலிழந்திருக்கும். இனிப் பயனில்லை என்று பழம்பொருள் வாங்குவோரிடம் கொடுத்துவிடுகிறோம். வட்டு இல்லாமலேயே அவற்றில் புதிய இயங்குதளத்தை நிறுவ முடியும். ஆனால் நிறுவுவதற்கு முன் செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. அதனைத் தமிழ் கற்றவரே செம்மையாகச் செய்ய இயலும் என்பதனால்தான் இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதலில் சிறிது வரலாறு. நம் நாட்டின் முத்து நெடுமாறன் அவர்கள் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலத்தில் கணினியின் இயங்குதளத்திற்குத் தமிழ் தெரியாது. தமிழ் எழுத்துருவில் மட்டுமே குடியிருந்தது. வேற்று எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவம் வைக்கப்பட்டது. கணினியோ தான் வேற்றெழுத்தையே கையாள்வதாகக் கருதிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு குறியேற்றம் தோன்றவே, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலை ஏற்பட்டது. இதனைத் தீர்க்க 1990களின் இறுதியில் இணையத் தமிழர் கூடி வகுத்தது திஸ்கி. சென்னையில் 1999 பிப்ரவரியில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு பொது விசைப்பலகை ஒன்றை அளித்தது.

திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. தோட்டத்துப் பிள்ளைகளை ஆயாக்கள் பார்த்துக்கொண்ட இடத்தை 'ஆயக்கொட்டகை' என்போம். அச்சொல்லின் 'கொ' என்னும் எழுத்துக்கு முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், பின்னர்க் கால் என மூன்று குறிகள் இடப்பட்டன. யூனிக்கோடு முறை வேறு. அதில் ககரம் முதலில் வரும். ஒகரக் குறி ஒன்றே அதனைத் தொடரும். மெய்யை அடுத்தே உயிர் ஒலிக்கும் என்னும் நம் இலக்கண மரபுக்கு இதுவே இயைந்தது. ஆயினும் அந்த ஒரு குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து இருபுறமும் அமர்த்த வேண்டுமே. அப்பணியை இயங்குதளத்தில் உள்ள எழுத்தமைப்புப் பொறி செய்கிறது. ஆகவே தமிழ் இன்று எழுத்துருவில் மட்டும் இல்லை, இயங்குதளத்திற்குள்ளும் இருக்கிறது.

(இச்சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கணினியை இயக்குவதால் பிறவினையில் 'இயக்குதளம்' என்பதே பொருந்தும் என வாதிடுவோர் உளர். மென்பொருள்கள் இயங்கும் தளம் என்று வினைத்தொகையாக விரித்தால் 'இயங்குதளம்' என்பதிலும் பிழையில்லை. வழக்கில் வென்றது இதுவே. நானும் இதனையே ஆள்கிறேன்.)

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியை இங்கு நினைவுகூர்தல் தகும். தமிழை எழுத்தமைக்கும் திறன் அதற்கு இருந்தும் இயல்பாக நிறுவப்படவில்லை. மொழி அமைப்புப் பகுதியில் ஒரு கட்டத்தில் குறியிட்டால், நிறுவல் வட்டைச் செருகுமாறு அது பெரும்பாலும் கேட்கும். வட்டு இல்லாதவர் திரையில் கொம்பு ககரத்திற்குப் பின்னால் நின்றது. வட்டில்லாமை அன்று தமிழில்லாமையாகவே முடிந்தது.

இன்று அந்தத் தடை இல்லை. நன்கு இயங்கும் வேறொரு கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றின் படிமக் கோப்பைக் கட்டணமின்றிப் பதிவிறக்கி, 8 கிகாபைட் விரலியில் (பேச்சில் பென்டிரைவ்) எழுத வேண்டும். கோப்பை வெறுமனே படியெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து துவங்காது. ரூஃபஸ் அல்லது எட்சர் போன்ற கருவியால் படிமமாகவே எழுதுக. விரலியில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க. பின்னர் பழங்கணினியில் அதனைச் செருகி, மின்னூட்டியவுடன் எஃப்12 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தித் துவக்கக் கருவியாக விரலியைத் தெரிவுசெய்ய வேண்டும். விசை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். முதல் திரையின் அடியில் எழுதியிருக்கும்.

மிகப் பழைய கணினிகள் சில விரலியிலிருந்து துவங்கா. அவற்றின் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தி, அங்கு நிறுவி, மீண்டும் மாட்டலாம். கணினிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு கணினிகள் இருப்பின் வலையமைப்பு வழியாகவே துவக்கும் முறையும் உண்டு. 32 பிட் செயலி உள்ள கணினிக்கு டெபியன் 12 வரையிலான பதிப்புகளே உதவும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் அவ்வகைக்கு நிறுவி இல்லை. டெபியன் நிறுவியின் வரைகலைத் திரையில் தமிழையே நிறுவல் மொழியாகத் தெரிவுசெய்யலாம். எழுத்துத் திரையில் அத்தெரிவு இராது. அங்கு எழுத்தமைப்புப் பொறி இல்லை என்பதே காரணம். தமிழ்நெட் 99 விசைப்பலகையும் லினக்ஸில் உண்டு.

சிறிய இடையூறு ஒன்று பலரைத் திகைக்க வைக்கும். தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்திருந்தால் கணினியின் நாள் பல்லாண்டு பின்னோக்கிப் போய்விடும். அந்நிலையில் இணையத்தளங்களின் சான்றிதழ்கள் செல்லா எனக் கணினி மறுக்கும். கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் மின்கலத்தை மாற்றினால் போதும்.

இப்பொழுது நான் முன்னர்க் குறிப்பிட்ட பணிக்கு வருகிறேன். 'நிறுவு' என்னும் பொத்தானை அழுத்துமுன் நின்றுவிடுங்கள். லினக்ஸ் மின்ட்டின் டெபியன் பதிப்பு 6 போன்றவை நிறுவாமலேயே விரலியிலிருந்து இயங்கும்; பழைய வன்தட்டைத் திறந்து காட்டும். அங்கே பள்ளி ஆண்டு மலர், கோயில் கணக்கு, மறைந்த ஆசிரியரின் கட்டுரை ஆகியவை இருக்கக்கூடும். திறந்தால் புள்ளியும் கோடும் ஏறிய புரியாத உரோமன் உருவங்களே தெரியும். கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிடாதீர்கள். அது திஸ்கித் தமிழாக இருக்கலாம். 1990களின் இறுதியில் சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்தில் நான் திரட்டிய பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் முதலிய தோட்டச் சொற்கள் அவ்வுருவில்தான் இருந்தன. அவற்றைச் சொன்ன முதியோர் பலர் இன்று இல்லை. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. மீண்டும் சென்று கேட்டெழுத வழியில்லை.

ஆகவே அனைத்தையும் முதலில் வேறொரு விரலிக்குப் படியெடுங்கள். அதன்பின் சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் மாற்றி, சுரதாவின் பொங்குதமிழ் போன்ற கருவிகளால் யூனிக்கோடுக்கு மாற்றலாம். எந்தக் குறியேற்றம் எனத் தெரியாவிடின் ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்க்க வேண்டும். சொல் தெளிந்து வரும்போது அதுவே சரியானது.

மாற்றியபின் மெய்ப்புப் பார்ப்பது கட்டாயம். பழைய முறையில் ஔகாரத்தின் வலப்பக்க உறுப்பும் ளகர எழுத்தும் ஒரே வடிவின. எனவே 'கௌரி' என்பது 'கெளரி' ஆகிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. எகரக் கொம்பை அடுத்து ளகரம் வரும் இடங்களை எல்லாம் தேடி எடுத்து, 'தெளிவு' போன்ற சொற்களில் ளகரத்தை அப்படியே விட்டு, 'கெளரி' போன்றவற்றை மட்டும் திருத்த வேண்டும். எது எது என்று பொறி அறியாது. தமிழ் படித்த ஐந்தாம் ஆண்டு மாணவர் அறிவார். ஆசிரியர்கள் இதனை ஒரு வகுப்புப் பயிற்சியாகக் கொடுத்துப் பார்க்கலாம். திருத்திய கோப்பு இரண்டு இடங்களில் சேர்ந்தபின், பழங்கணினியில் 'நிறுவு' என்னும் பொத்தானை அழுத்துங்கள்.