கல்லூரியைத் தேடும் கையேடு

பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் காலத்தில் பெற்றோர் உள்ளத்தில் எழும் வினா, “மேலே என்ன படிப்பு? எந்தக் கல்லூரி?” என்பதே. சொந்த ஊரில் இருப்போர்க்கு இதற்கு விடை கூறப் பலர் உண்டு. அடுத்த தெரு ஆசிரியர் இருப்பார். முன்னரே கல்லூரியில் பயிலும் மாமன் மகன் இருப்பான். மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் பிலாயிலும் பிழைப்பை நாடி வந்து தங்கிவிட்ட நமக்கு அத்துணை குறைவு. ஆகவே நாம் வழிகாட்டி நூல்களை நாடுகிறோம். நாடுவது நன்றே. ஆயினும் அவற்றைப் படிக்கும் முறை ஒன்று உண்டு.

முதலில், யார் வெளியிட்ட நூல் என்று பார்க்க வேண்டும். 1925-ஆம் ஆண்டில் தோன்றி, இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்னும் பெயருடன் விளங்கும் அமைப்பு, பல்கலைக்கழகக் கையேட்டைப் பல பதிப்புகளாக வெளியிட்டுள்ளது. இத்தகைய நூல் செய்தி கூறும், புகழ் பாடாது. கல்லூரியே அச்சிடும் பிராஸ்பெக்டஸ் அப்படியன்று. தன் பெருமையைத் தானே உரைப்பது அதன் இயல்பு. தனியார் வெளியிடும் வழிகாட்டிகளிலோ விளம்பரமும் செய்தியும் கலந்து நிற்பதுண்டு. மூன்றும் பயன்படும், மூன்றையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

இரண்டாவதாக, பதிப்பின் ஆண்டைப் பார்க்க வேண்டும். டில்லிப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவற்றிற்கு முன்னர் பள்ளி மதிப்பெண்ணே வாயிலாக இருந்தது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு அவ்விடத்தைப் பெற்றது. தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதத்தக்க தேர்வு அது. அதற்கு முந்திய நூலில் காணும் மதிப்பெண் பட்டியலை நம்பித் திட்டமிடுவோர், மூடிய கதவின் முன் போய் நிற்பர். மருத்துவக் கல்வியை மேற்பார்க்கும் அமைப்பும் 2020-இல் மாறியது. இந்திய மருத்துவக் கவுன்சில் போய், தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. பழைய பெயரையே கூறும் நூல் பழைய நூல் என்று அறியலாம்.

மூன்றாவது அங்கீகாரம். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பட்டம் வழங்கும் உரிமை எல்லா நிலையங்களுக்கும் உரியதன்று. உரிமையின்றி நடைபெறும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அக்குழுவே வெளியிடுகிறது. நாம் கருதும் நிலையத்தின் பெயர் அதில் இல்லையென முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சட்டம், மருந்தியல், செவிலியர் பயிற்சி, ஆசிரியர் பயிற்சி போன்ற தொழிற்கல்விகளுக்குத் தனித்தனி மன்றங்கள் உண்டு. அங்கே ஒப்புதல் பெறாத படிப்பில் சேர்ந்தால் பணமும் போகும், பிள்ளையின் இளமையில் சில ஆண்டுகளும் போகும். பணத்தை மீண்டும் ஈட்டலாம். ஆண்டுகளை ஈட்ட இயலாது.

நான்காவது தரவரிசை. மத்திய அரசின் தேசியத் தரவரிசைக் கட்டமைப்பு 2016 முதல் பட்டியல் வெளியிட்டு வருகிறது. கற்பித்தலும் வசதிகளும், ஆராய்ச்சி, பட்டம் பெற்றோர் நிலை, பல தரப்பினர்க்கும் இடமளித்தல், கல்லூரியைப் பற்றிய பிறர் கருத்து என ஐந்து அளவுகோல்களால் அது எடை போடுகிறது. ஆனால் 40-ஆம் இடத்திற்கும் 50-ஆம் இடத்திற்கும் உள்ள வேற்றுமை, நம் மகள் விரும்பும் வேதியியல் துறையின் தரத்தைச் சொல்லிவிடாது. கல்லூரி முழுமைக்கும் உரிய எண் அது. ஒரு துறைக்கு உரியதன்று.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கே உரிய செய்திக்கு வருவோம். பொதுவான கையேடுகள் இதனைச் சிறிய எழுத்தில் அடிக்குறிப்பாகவே கூறுகின்றன. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தார்க்கு உரியவை. எந்த மாநிலத்தார் என்பதை முடிவு செய்வது தாய்மொழியன்று. பூர்வீக ஊரும் அன்று. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மாநிலமே. நாகபுரியில் தேறிய தமிழ் மாணவர், நாகபுரிக் கழகத்தில் உள்மாநிலத்தார். திருச்சிராப்பள்ளிக் கழகத்தில் வெளிமாநிலத்தார். ஆகவே, பதினொன்றாம் வகுப்பிற்குப் பிள்ளையைப் பாட்டி வீட்டிற்கு அனுப்பலாமா என்று எண்ணும் குடும்பம், அதற்கு முன்னரே இவ்விதியைப் படித்திருத்தல் வேண்டும்.

தமிழகப் பொறியியல் கல்லூரிகளின் கலந்தாய்வில், பூர்வீகம் தமிழகமாயினும் வெளிமாநிலத்தில் பயின்றோர் இருப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். அது தாசில்தார் அலுவலகத்தில் பெறுவது. ஒரு நாளில் கைக்கு வராது. ஆதி திராவிடர், பழங்குடியினர் குடும்பங்கள் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். பம்பாய் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் அளித்த தீர்ப்பின்படி, ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், அங்கும் அவ்வுரிமையைக் கோர இயலாது. தாய் மாநிலத்திலும் மத்திய அரசின் கல்வி நிலையங்களிலும் அவ்வுரிமை நிற்கும். இந்த ஒரு செய்தி, விண்ணப்பிக்க வேண்டிய கல்லூரிகளின் பட்டியலையே மாற்றிவிடக் கூடும்.

இவற்றையெல்லாம் எவ்வாறு ஒழுங்குபடுத்துவது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பத்துக் கல்லூரிகளின் பெயரை எழுதிக்கொள்வோம். ஒவ்வொன்றிற்கும் எதிரே படிப்பு, அங்கீகாரம், சேரும் முறை, மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கும் ஆகும் மொத்தச் செலவு, விடுதி, பயிற்று மொழி, வேண்டிய சான்றிதழ்கள் என ஏழு கட்டங்களை இடுவோம். கையேடு நிரப்பாத கட்டங்களைக் கல்லூரிக்கு எழுதிக் கேட்டு நிரப்புவோம். பத்து மூன்றாகக் குறைந்தபின், இயன்றால் நேரில் செல்வோம். அங்குப் பயிலும் மாணவரிடம் பேசுவோம். ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா, நூலகத்தில் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனரா என்பவற்றை எந்த நூலும் கூறாது.

நோட்டுப் புத்தகத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுப்பது நலம். படிக்கப் போவது அவரே அன்றோ? ஆழம் தெரியாமல் காலை விடலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. கையேடு ஆழத்தைக் காட்டும் கோல். அதனை ஊன்றிப் பார்த்தபின் ஆற்றில் இறங்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். கரையில் துணை நிற்க வேண்டியவர்கள் நாம்.