குழந்தைக்குப் பேச்சு எப்படி வருகிறது?

(பழனிசெட்டிபட்டிச் சொற்பொழிவு)



நாவில் சரஸ்வதி எழுதுவதாலும், வசம்பு தடவுவதாலும் குழந்தை பேசுகிறதென்கிறார்கள். தாயோ, “கண்ணுபால்குடிகண்ணுஇங்கேவா” என்று இடைவெளியின்றிக் கொட்டுகிறாள். இதில் எது தனிச் சொல்லென்று குழந்தைக்கு எவர் சொன்னார்? “கண்” என்றால் “ணு” அடிக்கடி வருகிறது. “கண்ணு”வுக்குப் பின் எதுவும் வரலாம். இந்தக் கணக்கைக் குழந்தையே போடுகிறது!

1996இல் அமெரிக்காவில் சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் மூவரும் அர்த்தமற்ற சொற்களை 2 நிமிஷம் இடைவிடாது ஒலிக்கச் செய்தார்கள். 8 மாதக் குழந்தைகள் சொல்லையும் சொல்லல்லாததையும் பிரித்தறிந்தன.

எந்த ஜாதிக் குழந்தையும் இப்பள்ளத்தாக்கின் கன்னட வீட்டில் வளர்ந்தால் கன்னடமே பேசும். அப்படியானால், சிலர் நாவில் மட்டும் பிறவியிலேயே கல்வி என்பது புரட்டல்லவா?

ஆகையால், பெண் குழந்தையோடும் நிறையப் பேசுங்கள்! பேச்சு தாமதித்தால் வசம்பைத் தேடாமல், டாக்டரிடம் காதைச் சோதியுங்கள்!