அறிவுரை பொறியினது, முடிவு நம்முடையது
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ்ச் சங்க விழாவில் பொறியைப் பற்றிய பேச்சுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், நம் ஜீவனஹள்ளியில் பொறியின் நிழல் படாத வீடு இன்று எது? கடன் கேட்டால் பொறி கணக்கிடுகிறது. காய்ச்சல் வந்தால் மருத்துவரை நாடுமுன் கைப்பேசியைக் கேட்கிறோம். நம் வாழ்வின் முடிவுகளில் பங்கு கொள்ளும் ஒன்றின் இயல்பை நாம் அறியாதிருத்தல் தகுமா?

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். மகளின் மேற்படிப்புக்காகக் கடன் வேண்டி ஒரு வங்கிக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் விவரங்களைப் பதிந்தார், திரையை நோக்கினார், “கணிப்பொறி மறுக்கிறது, ஐயா” என்றார். “ஏன் தம்பி?” என்றேன். “அது எனக்குத் தெரியாது” என்றார். மறுத்ததைவிட அந்த விடையே என்னை மிகுதியாக வருத்தியது. ‘ஏன்’ என்னும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதே என் உரை.

‘ஏன்’ என்று கேட்டால் விடை சொல்லும் பொறிகளை அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆக்கிவிட்டனர். எக்ஸ்பர்ட் சிஸ்டம் என வழங்கும் அவற்றை வல்லுநர் அமைப்பு என்று நாம் அழைக்கலாம். ஒரு துறையில் பழுத்த அறிவுடையாரை அணுகி, அவர் எதைக் கண்டு எம்முடிவுக்கு வருகிறார் என்று கேட்டறிந்து, ‘இவை இருந்தால் இது செய்க’ என்னும் விதிகளாக்கிப் பொறியில் சேர்க்கிறார்கள். வயிற்றுப்போக்குக் கண்ட ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். கண்கள் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மிக மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புமானால், உடலில் நீர் கடுமையாக வற்றிவிட்டது. உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. இஃது ஒரு விதி. இத்தகைய விதிகள் நூற்றுக்கணக்கில் சேரும்போது அது வல்லுநர் அமைப்பாகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970களில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்பவர் உருவாக்கிய மைசின் இவ்வகையில் புகழ் பெற்றது. குருதியில் பரவும் கிருமி எது, அதற்கு ஏற்ற மருந்து எது என்று அது கூறும். அது கேள்வி கேட்கும்போது, ‘இதை ஏன் கேட்கிறாய்?’ என மருத்துவர் திருப்பிக் கேட்கலாம். தான் பின்பற்றும் விதியை அது எடுத்துக் காட்டும். மூளையுறைக் காய்ச்சல் கண்ட 10 நோயாளிகளுக்கு அது கூறிய மருத்துவத்தையும், மருத்துவப் பேராசிரியர்கள் கூறியதையும், எது எவருடையது என்று அறிவிக்காமல் 8 வல்லுநர்களிடம் மதிப்பிடக் கொடுத்தனர். 1979இல் வெளிவந்த முடிவின்படி மைசின் பெற்றது நூற்றுக்கு 65. பேராசிரியர் எவரும் அதனை விஞ்சவில்லை. ஆயினும் அது மருத்துவமனையில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை. விவரங்களைத் தட்டச்சு செய்யவே நெடுநேரம் ஆயிற்று. அதற்கும் மேலாக, பிழை நேர்ந்தால் பொறுப்பாளி யார் என்ற வினா எழுந்து நின்றது.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. 1986இல் இந்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு, அறிவுசார் கணிப்பொறி ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. நம் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் அதன் மையங்களுள் ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.க்கு அளிக்கப்பட்ட துறை வல்லுநர் அமைப்பே. அங்கு உருவான ஏகலைவா என்னும் அமைப்பின் நோக்கம் யாது? பச்சிளஞ் சிறார் நோயுறும்போது ஊர்ப்புறச் சுகாதாரப் பணியாளருக்குத் துணை நிற்பது! பணியாளரை அகற்றுவதன்று, அவர் கையை வலுப்படுத்துவதே அதன் குறிக்கோள் என்பதை நோக்குக. அதே 1986இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு மையத்தை இந்நகரிலேயே நிறுவியது.

இவ்வமைப்புகளுக்குக் குறையும் உண்டு. விதியில் இல்லாத ஒன்று எதிர்ப்பட்டால் அவை திகைக்கும். திகைக்கிறோம் என்பதையும் அறியா. இன்றைய பொறிகள் வேறு வகையின. எவரும் எழுதித் தந்த விதிகளின்றி, மலைபோற் குவிந்த தரவுகளிலிருந்து தாமே கற்கின்றன. ஆற்றல் பெரிது, ஆனால் எக்காரணத்தால் இம்முடிவு என்று அவற்றினின்று அறிவது கடினம். ஆகவே ‘ஏன்’ என்று கேட்கும் கடமை முன்னைவிட இன்று நமக்கு மிகுந்திருக்கிறது.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் அமைச்சுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அமைச்சன் ஆராய்ந்து சொல்வான், காரணம் காட்டுவான். ஆனால் செங்கோல் அரசன் கையில்தான். பழியும் புகழும் அரசனுக்குத்தான். பொறியை அமைச்சனாக அமர்த்துவோம். அரியணையில் ஏற்ற வேண்டா.

என் கதையை முடித்துவிடுகிறேன். கடனை மறுப்பதற்கான முதன்மைக் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003இல் 2 இலட்ச ரூபாய் வரையிலான கடன்களுக்கு நெறி வகுத்தது. 2007இல் அதனை எல்லாக் கடன்களுக்கும் விரித்தது. இதனை நண்பர் ஒருவர் எடுத்துரைக்க, நானும் எழுத்தில் விளக்கம் கேட்டேன். காரணம் வந்தது. பல்லாண்டுகளுக்கு முன் நான் அடைத்து முடித்த ஒரு சிறு கடன், ஏடுகளில் அடைபடாமலே நின்றிருந்தது! பற்றுச்சீட்டைக் காட்டினேன். ஒரு மனிதர் அதனைத் தம் கண்ணால் பார்த்தார்; பிழை திருந்தியது; என் மகள் இன்று கல்லூரியில் பயில்கிறாள்.

தாய்மார்களே! கைப்பேசி மருந்து சொன்னால், ஏன் என்று கேளுங்கள். பிறகு மருத்துவரையும் கேளுங்கள். மாணவச் செல்வங்களே! நாளை இத்தகைய பொறிகளைச் செய்யப் போகிறவர்கள் நீங்கள். எளியவர் ஒருவர் ‘ஏன்’ என்று கேட்டால் விடை சொல்லும் பொறிகளாகச் செய்யுங்கள். பழைய பற்றுச்சீட்டுகளைப் பெரியோர்கள் எறிந்துவிடாதீர்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்!