ஆபரேஷன் டாக்டர் கையில், பத்து நாள் நம்ம கையில்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை. "ஆடு வளர்ப்பு பற்றிப் பேசும்மா" என்று தலைவி அக்கா சொன்னார்கள். "ஆட்டைக் காக்கிற நாயைப் பற்றிப் பேசுறேன்க்கா" என்றேன். அவர்களும் சிரித்தார்கள். இப்போ நீங்களும் சிரிக்கிறீங்க. சிரிங்க, ஆனா கடைசி வரைக்கும் கேளுங்க.

குழுக் கடனில் நான் ஆறு ஆடு வாங்கினேன். பட்டிக்குக் காவல் எங்க மணி. நாட்டு நாய், மூணு வயசு. ராத்திரி ஒரு இலை அசைந்தால்கூட எழுந்து நிற்பான். போன மார்கழியில் ஊரில் இருக்கிற பெட்டை நாய் பின்னாடி போனவன் மூணு ராத்திரி வீடு திரும்பவில்லை. நாலாம் நாள் காது கிழிந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த மூணு ராத்திரிக்குள்ளே பட்டியில் இரண்டு குட்டி திருட்டுப் போய்விட்டது. குட்டி போனாலும் தவணை நிற்குமா? கட்டித்தானே ஆகணும்.

ஆட்டுக்குக் குடல்புழு மருந்து வாங்கக் கால்நடை மருத்துவமனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் சொல்லி அழுதேன். "மணிக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடலாம், ஊர் சுத்துறதும் சண்டை போடுறதும் குறையும்" என்றார்கள். வீட்டில் வந்து சொன்னால் எங்க வீட்டுக்காரர், "ஆம்பளை நாய்க்குப் போய் யாராவது ஆபரேஷன் பண்ணுவாங்களா? காவல் போயிரும்" என்றார். "எனக்கு ஆபரேஷன் பண்ணினாங்களே, நான் எந்த வேலையை நிறுத்தினேன்?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. ஆட்டோவுக்கு அவரே சொல்லிவிட்டு வந்தார்.

முந்தின ராத்திரிக்கு மேல் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். வயிற்றில் சோறு இருந்தால், மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போய்விடுமாம். காலையில் கூட்டிப்போய் மத்தியானமே திரும்பிவிட்டோம். ஆபரேஷன் அவர்கள் வேலை, அது நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறம் வருகிற பத்து நாள்தான் நம்ம வேலை.

முதல் நாள் மயக்கம் முழுசாகத் தெளியாது. தள்ளாடுவான், முனகுவான், உடம்பு நடுங்கும். திண்ணை, படிக்கட்டு பக்கத்தில் விடாமல் வீட்டு மூலையில் காய்ந்த சாக்கு போட்டு, மேலே பழைய சேலை விரித்துப் படுக்க வைத்தேன். நன்றாக எழுந்து நின்ற பிறகுதான் கொஞ்சம் தண்ணீர். ராத்திரிக்கு வழக்கத்தில் பாதிச் சோறு. மறுநாள்தான் முழுச் சாப்பாடு.

விதையை எடுத்த பிறகும் பை அங்கேயேதான் இருக்கும். கொஞ்சம் வீங்கியும் இருக்கும். "விதையை எடுக்கவே இல்லையே, ஏமாத்திட்டாங்களா?" என்று எங்க அத்தை கேட்டார்கள். அது வெறும் பை. சில வாரத்தில் சுருங்கிவிடும். தையல் அதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். காலையும் சாயங்காலமும் அந்த இடத்தைப் பார்க்கணும். லேசாகச் சிவந்திருந்தால் பயமில்லை.

அடுத்து, மாத்திரை. மணி முனகுவதைப் பார்த்து, "நமக்கு வாங்கின பாராசிட்டமால் பாதி கொடு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். நல்லவேளை, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். மனுஷங்க சாப்பிடுகிற வலி மாத்திரை நாய்க்கு விஷம் மாதிரி, ஈரல், வயிறு, சிறுநீரகம் எல்லாம் கெட்டு உயிரே போகலாம் என்றார்கள். அவர்கள் கொடுத்த மாத்திரையை மட்டும், சொன்ன அளவு, சொன்ன நாள் வரைக்கும் கொடுக்கணும். புண் மேல் மஞ்சள், வேப்பெண்ணெய், பினாயில் எதுவும் போடக் கூடாது. தையல் பிரிக்கிற வரைக்கும் குளிப்பாட்டவும் கூடாது, மழையில் நனைய விடவும் கூடாது.

இப்போ நான் செய்த தப்பைச் சொல்லணும். நாய் புண்ணை நக்கக் கூடாது என்று கழுத்தில் புனல் மாதிரி ஒன்று மாட்டி அனுப்பியிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மணி சுவரில் முட்டுவான், கதவில் முட்டுவான், என்னைப் பார்த்து அழுவான். நாலாம் நாள் நம்ம குழுக் கூட்டம். "பாவம், ரெண்டு மணி நேரம் நிம்மதியா இருக்கட்டும்" என்று கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். சேமிப்பைக் கட்டி, தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால், சாக்கெல்லாம் ரத்தம். இரண்டு தையலைக் கடித்து எடுத்துவிட்டான். புண் வாய் பிளந்து ஈ மொய்க்கிறது.

அந்த ஈதான் அக்கா பெரிய ஆபத்து. அது முட்டை வைத்தால் ஒரே நாளில் புழுவாகி, உள்ளே தின்ன ஆரம்பித்துவிடும். "நாய் எச்சில் மருந்து, நக்கினா ஆறிடும்" என்று அத்தை சொன்னார்கள். நான் காத்திருக்கவில்லை. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பவும் ஆட்டோ பிடித்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. சுத்தம் செய்து, மறுபடியும் தையல் போட்டு, ஊசி போட்டார்கள். "இனி முதல் நாளிலிருந்து எண்ணணும்" என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு இரக்கம் இருந்தது, புத்தி இல்லை. அதற்கு வலி பட்டது அவன்.

அந்தப் புனல் உடைந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்து பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி வைத்துத் தைத்து, நாடாவால் கழுத்துப் பட்டையில் கட்டினேன். மூக்கு நுனியைத் தாண்டி வாளி விளிம்பு இருக்கணும், அதுதான் கணக்கு. சாப்பிடும்போது மட்டும் கழற்றி, முடிக்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஓட விடவில்லை, தாண்ட விடவில்லை. ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகக்கூடக் கயிற்றில் பிடித்துத்தான் கூட்டிப் போனேன். பட்டிக் காவலுக்கு அந்த நாட்களில் எங்க வீட்டுக்காரரே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தார். பதினொன்றாம் நாள் தையல் பிரித்தார்கள்.

எப்போது டாக்டரிடம் ஓடணும் என்பதை மனசில் வையுங்க. ரத்தம் நிற்காமல் சொட்டினால், வீக்கம் நாளுக்கு நாள் பெருத்தால், சீழோ நாற்றமோ வந்தால், ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், ஈறு வெளுத்துப் போனால் காத்திருக்காதீங்க. வண்டி வசதி இல்லையென்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் பண்ணிக் கால்நடை ஆம்புலன்ஸ் கேளுங்க.

ஆபரேஷன் முடிந்ததும் குணம் ஒரே நாளில் மாறாது, சில வாரம் ஆகும். முதல் ஒரு மாதம் பெட்டை நாயோடு விட்டால் குட்டி பிறக்கவும் வாய்ப்பிருக்கு. அப்புறம் உடம்பு போடும், அதனால் சோற்றைக் கொஞ்சம் குறைக்கணும். வெறிநாய்க்கடி தடுப்பூசி தனி. ஆபரேஷன் பண்ணியாச்சு என்று அதை விட்டுவிடாதீங்க, வருஷம் தவறாமல் போடணும்.

காவல் போச்சா என்று கேட்பீங்க. இந்த மார்கழியில் மணி பட்டியை விட்டு நகரவில்லை. குட்டியும் ஒன்றுகூடக் குறையவில்லை. கடனில் இன்னும் நாலு தவணைதான் பாக்கி.

கடைசியாக ஒன்று. எனக்கு ஆபரேஷன் ஆன அஞ்சாம் நாள் கிணற்றடியில் துணி துவைத்தேன். தையல் சீழ் பிடித்து, பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். "குனியாதே, தூக்காதே" என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. மணியைக் கயிற்றில் பிடித்து நடத்தும்போதெல்லாம் அந்த ஞாபகம்தான் வந்தது. ஒரு நாய்க்கு நம்மால் பத்து நாள் ஓய்வு கொடுக்க முடிகிறது. நம்ம குழுவில் ஒரு பெண் ஆபரேஷன் முடிந்து வந்தால், அவள் வீட்டுக்கு ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் எடுத்துக் கொடுக்க நம்மால் முடியாதா? கூட்டமைப்பில் இதை ஒரு தீர்மானமாகவே எழுதணும் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.