சின்ன விமானமும் சிறு திருத்தமும்

பால்ஸா என்றொரு மரம் உண்டு. மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வளர்வது. ஈக்வடார் நாட்டிலிருந்து மிகுதியாக உலகுக்கு வருவது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் தெப்பம் என்று பொருள். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோகிராம் எடை உள்ளது. அதே பருமனுள்ள பால்ஸாக் கட்டையோ சராசரியாக 160 கிலோகிராம்தான். கத்திக்கு இணங்கும், பசைக்கு ஒட்டும், எடைக்குத் தக்க வலிமையும் உடையது. ஆகவேதான் மாதிரி விமானம் செய்வோர் அதனை விரும்புகின்றனர்.

விமானத்தைச் செய்வது ஒரு கலை. செய்ததை நேராகப் பறக்க வைப்பது மற்றொரு கலை. இந்த இரண்டாவது கலையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கையால் எறியும் எளிய மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வாலில் இரு பகுதிகள் உண்டு. கிடையாக இருப்பது வால் இறக்கை. செங்குத்தாக நிற்பது சுக்கான். வால் இறக்கையின் பின்விளிம்பைச் சற்றே மேலே வளைத்தால், காற்று வாலைக் கீழே அழுத்தும். மூக்கு மேலே எழும். கீழே வளைத்தால் மூக்குத் தாழும். சுக்கானின் பின்விளிம்பை வலப்புறம் வளைத்தால் விமானம் வலப்புறம் திரும்பும். பிரெஞ்சு நாட்டு அல்போன்ஸ் பெனோ என்பவர் 1871-ஆம் ஆண்டில், முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு விமானம் ஒன்றைப் பாரிஸ் நகரத்துத் துய்லரிப் பூங்காவில் 11 விநாடிகள் பறக்கவிட்டார். பின்னால் ஒரு சிறு வால் இறக்கையை இறக்கையினும் சற்றுத் தாழ்ந்த கோணத்தில் பொருத்தியதே அது நிலைகுலையாமல் பறந்ததற்கு முக்கிய காரணம்.

இனி, திருத்தும் முறையைச் சொல்கிறேன். முதலில் எடையின் சமநிலையைப் பாருங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரு விரல் நுனிகளால் தாங்கிப் பிடியுங்கள். வால் தாழ்ந்தால் மூக்கில் சிறிது களிமண் ஒட்டுங்கள். பிறகு காற்று அடங்கிய காலை வேளையில், புல்தரையில், மெதுவாக எறியுங்கள். விமானம் மூக்குக் குத்தி விழுகிறதா? வால் இறக்கையின் பின்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்துங்கள். மேலே ஏறி, தயங்கி நின்று, பின் சரிகிறதா? அதே அளவு தாழ்த்துங்கள். பால்ஸாவின்மேல் வாயால் நன்றாக ஊதி, ஈரம் ஏறியவுடன் மெல்ல வளைத்துச் சிறிது நேரம் பிடித்திருந்தால், அவ்வளைவு நிலைக்கும்.

சிலர் பின்விளிம்பை வெட்டியெடுத்து, மெல்லிய துணியைக் கீலாக ஒட்டி, அசையும் மடலாக அமைப்பர். அவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். கீலின் இடைவெளி அகன்றால், காற்று அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குக் கசிந்துவிடும். மடலின் வலிமை குன்றும். கீல் தளர்ந்தாலோ, வேகமாகப் பறக்கும்போது மடல் படபடவென அதிர்ந்து பிய்ந்து போகவும் கூடும். வானொலி அலைகளால் இயக்கும் மாதிரிகளில் இவ்வாபத்து இன்னும் பெரிது.

இவை எல்லாவற்றிலும் பெரிய விதி ஒன்று உண்டு. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்ய வேண்டும். இதனை நான் ஏட்டில் கற்கவில்லை; ஒரு மாணவனிடம் கற்றேன்.

நான் விஞ்ஞான ஆசிரியனாக இருந்த காலம். அம்மாணவன் இரண்டு வார காலம் உழைத்துச் செய்த விமானம், எறியும் போதெல்லாம் இடப்புறம் சுழன்று விழுந்தது. நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுக்கான் சிறிது, அதைப் பெரிதாக்கி வலப்புறம் வளைத்து வை" என்றேன். "சுக்கானில் குற்றம் இருப்பதாகத் தோன்றவில்லை, ஐயா" என்றான் அவன், தயங்கித் தயங்கி. "சொன்னதைச் செய்" என்றேன் நான். அவன் செய்தான். பெரிய சுக்கானால் வாலில் எடை ஏறிற்று. எறிந்தவுடன் விமானம் செங்குத்தாக ஏறியது; தயங்கியது; இட இறக்கை சாய்ந்து சுழன்று வீழ்ந்து, மூக்கு நொறுங்கிப் போயிற்று. அவன் ஒன்றும் பேசாமல் துண்டுகளைப் பொறுக்கினான். அந்த மௌனம் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

மறுநாள் அவன் இறக்கையை மட்டும் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். வலப்பாதி பலகையோடு படிந்து கிடந்தது. இடப்பாதியின் நுனியில் பின்விளிம்பு மட்டும் ஒரு நெல்மணிக் கனம் தூக்கி நின்றது. அதனால் அப்பாதிக்குத் தூக்குவிசை குறைந்தது, இடப்புறம் சாய்ந்தது. நோய் இறக்கையில் இருக்க, நான் மருந்தை வாலுக்கு இட்டேன்! போதாக்குறைக்கு, அளவையும் வளைவையும் எடையையும் ஒருங்கே மாற்றியதால், எது என்ன செய்தது என்றே அறிய வழியில்லாமல் ஆக்கினேன். "தவறு என்னுடையதுதான்" என்று வகுப்பறையில் சொன்னேன். இறக்கையைக் கொதிநீரின் ஆவியில் காட்டி, நிமிர்த்தி, பழைய சுக்கானையே மீண்டும் ஒட்டினோம். விமானம் நேராகப் பறந்தது.

ரைட் சகோதரர்களின் வரலாற்றிலும் இதற்கொப்பான ஒரு செய்தி உண்டு. சிறுவராக இருந்தபோது, 1878-ஆம் ஆண்டில், தந்தையார் அவர்களுக்குக் கொடுத்த பறக்கும் பொம்மை, பெனோ வகுத்த அமைப்பைத் தழுவியது. 1902-ஆம் ஆண்டில் வட கரோலினா மணற்குன்றுகளில் அவர்கள் சோதித்த சறுக்கு விமானத்தில், வால் தகடுகள் இரண்டும் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தன. விமானம் ஒருபுறம் சாய்ந்து சறுக்கும்போது, பக்கவாட்டுக் காற்று அத்தகடுகளை மோதி விமானத்தைத் திருப்பிவிடும். தாழ்ந்த இறக்கை வேகம் குறைந்து மேலும் தாழ்ந்து மணலைத் தோண்டும். வால் தகட்டை அசையும் சுக்கானாக்கலாம் என்றார் தம்பி ஆர்வில். தமையன் வில்பர் அக்கருத்தை ஒதுக்கவில்லை. ஏற்றுக்கொண்டு, அச்சுக்கானை இறக்கையை முறுக்கும் கம்பிகளோடு இணைக்கலாம் என்று தாமும் ஒரு படி மேலே சென்றார். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் முதல் எஞ்சின் விமானம் 12 விநாடிகள் பறந்ததற்கு, அந்தத் திருத்தமும் ஒரு காரணம்.

இளையவன் சொல்லை மூத்தவன் செவிமடுத்தான், விமானம் எழுந்தது. நான் செவிமடுக்கவில்லை, விமானம் விழுந்தது.

ஆகவே மாணவர்களே, கத்தியை எடுக்குமுன் கண்ணைப் பயன்படுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள்; அதையும் சிறிதாக மாற்றுங்கள். மாற்றியதையும் கண்டதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நீங்கள் கண்டது ஆசிரியர் சொன்னதற்கு மாறாக இருந்தால், பணிவோடு, ஆனால் தயங்காமல், அவரிடம் சொல்லுங்கள். கேட்கும் கடமை எங்களுடையது.